உத்திர முனைக்கு என்ன பூசுவது?

14.08.2022, காலை: வந்த கேள்வி

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பாட்டியின் ஓட்டு வீடு. மேற்குப் பக்கம் எட்டு உத்திர முனைகள் சுவருக்கு வெளியே முக்கால் முழம் நீட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. எல்லாம் தேக்கு என்று அப்பா சொல்கிறார். பெயின்ட் கடையில் கேட்டால், ‘பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை அடித்துவிடுங்கள், பதினைந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்’ என்கிறார்கள். அடிக்கலாமா? மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

14.08.2022, மதியம்

அடிக்காதீர்கள்.

எங்கள் வீடு சீர்காழியிலிருந்து கடல் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. அதே ஓடு, அதே மேற்குச் சுவர், ஏழு முனைகள். 2009 கோடையில் ஏழுக்கும் இந்த வார்னிஷைத்தான் அடித்தேன். ஆள் வைக்கவில்லை, நானே ஏணியில் ஏறினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, மூன்று கை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து வருடம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன். 2014இல் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பிடிமானத்துக்கு மூன்றாவது முனையில் கையை ஊன்றினேன். மேலே பளபளப்பு மாறவில்லை; கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

வார்னிஷ் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே காப்பிப்பொடி நிறத்தில், சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்த மரம். விரலால் நசுக்கினால் மாவு. ஈர வாசனை. அந்தத் தோல் மட்டும் கொஞ்சமும் கெடாமல் முட்டை ஓடுபோல நின்றது.

மரத்தை ஒரு கட்டு வைக்கோல் குழல்களாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் பட்டால் மெதுவாகத்தான் ஏறும். வெட்டுமுகத்தில் பட்டால் குழல் வாய் எல்லாம் திறந்திருக்கிறது, உறிஞ்சிவிடும். உங்கள் உத்திரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அந்த வெட்டுமுகம்தான். வெயிலில் மரம் விரிந்து சுருங்குவதில் வார்னிஷில் மயிரிழை விரிசல் விழும். தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும். வெளியே வர வழியில்லை, ஏனென்றால் மீதி இடமெல்லாம் நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

15.08.2022

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ‘அப்படியானால் எதுவுமே பூசக் கூடாதா, பயமுறுத்துகிறீர்களே’ என்கிறார். பூசலாம். அது நான்காவதோ ஐந்தாவதோ வேலை. முதலில் உங்கள் மரம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சாக்குத் தைக்கும் கோணூசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையின் வெட்டுமுகத்திலும் அடிப்பக்கத்திலும், முக்கியமாகச் சுவருக்குள் நுழையும் இடத்திலும் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது; அரைக்கால் அங்குலம் போவதற்குள் கை வலிக்கும். கெட்ட மரம் வாழைத்தண்டுபோல வாங்கிக்கொள்ளும். பிறகு கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டுங்கள். ‘ணங்’ என்றால் சரி, ‘பொத்’ என்றால் சந்தேகம். ஈரமானியும் விற்கிறார்கள், இரண்டு முள் வைத்தது. ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதனிடம் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

நான் முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள், கொஞ்சம் எண்களும் சொல்லிவிடுகிறேன். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. 28, 30 வரும்போது மர நாரின் சுவர்கள் முழுக்க நனைந்துவிட்டன என்று அர்த்தம். பூஞ்சைக்கு அது விருந்து. நம் கரையோரத்தில் மழைக்காலக் காற்றே மரத்தை 16, 17க்குக் கொண்டுபோய்விடும். அதனால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இருக்கும் இடைவெளி நமக்குக் கிடையாது. சொட்டுத் தண்ணீர் தொடர்ந்து விழுந்தால் போதும், எல்லை தாண்டிவிடும்.

இன்னொன்று. பூஞ்சைக்குக் காற்றும் வேண்டும். கிணற்றுக்குள் அடியில் போட்ட நாவல் கட்டை எத்தனையோ வருடம் கெடாமல் கிடப்பது அதனால்தான்: தண்ணீருக்கு அடியில் காற்று இல்லை. முழுக்க நனைந்ததும் கெடாது, முழுக்கக் காய்ந்ததும் கெடாது. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிற உத்திர முனைதான் கெடும்.

15.08.2022, இரவு

கோணூசி எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: அரிசி மண்டியில் கேளுங்கள். தராவிட்டால் பழைய சைக்கிள் கம்பியைத் தீட்டிக்கொள்ளுங்கள். இதற்கென்று தனிப் பதிவு தொடங்க வேண்டாம்.

21.08.2022

கேள்வி கேட்ட தம்பி ஊசியால் குத்திப் பார்த்து எழுதியிருக்கிறார். எட்டில் ஐந்து கெட்டி, இரண்டு ஓரத்தில் மட்டும் மெத்து, ஒன்று மோசம். ‘தேக்கு அழுகாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்’ என்று வருத்தப்படுகிறார். நானும் 2014வரை அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாணவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

மூன்றாவது முனையை வெட்டி எடுத்த ஆசாரி, வெட்டுமுகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நடுவில் பொன்பழுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை. ‘டீச்சர், இது வைரம், இது வெளிறு. வெளிறுக்குத் தேக்கு என்ன, முருங்கை என்ன, எல்லாம் ஒன்றுதான்’ என்றார். அழுகல் அந்த வெளுத்த பட்டையில் தொடங்கித்தான் உள்ளே இறங்கியிருந்தது. தேக்கின் வைரத்தில் பூச்சியும் பூஞ்சையும் தொட அஞ்சும் பொருள்கள் ஊறியிருக்கின்றன. வெளிறில் அவை இல்லை, மாவுச்சத்துதான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியைத்தான் உத்திரமாக்கினார்கள். எங்கள் மூன்றாவதை அறுத்தவர் கொஞ்சம் கஞ்சர் போலிருக்கிறது.

உங்கள் வீட்டில் பனங்கை (பனைமரச் சட்டம்) இருந்தால் கணக்கு தலைகீழ். பனைக்கு வெளிப்புறம் வைரம், நடுவில் சோறு. உள்ளே காழ் (அதாவது வைரம்) உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பியம் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவின்படி பனை புல். இலக்கணம் படித்தபோது இது எனக்கு எதற்கு என்று நினைத்தேன். பனங்கையின் வெட்டுமுகத்தில் நடுப்பகுதியை மட்டும் மூடினால் பாதி வேலை முடிந்தது என்று இப்போது புரிகிறது.

28.08.2022

எண்ணெய் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெய். படகுக்கும் வலைக்கும் பூசுவது. பண்ருட்டிப் பக்கத்து உறவினர் ஒருவர் ஐந்து லிட்டர் கொடுத்தார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது அவர்களுடைய முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. மிச்சமிருந்த மரங்களின் கொட்டை அது. அதனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வெறுங்கையால் துணியில் தோய்த்துப் பூசினேன். மறுநாள் மணிக்கட்டு வரை கொப்புளம். பத்து நாள் சோறு பிசைய முடியவில்லை, வீட்டுக்காரர் ஊட்டிவிட்டார். (அவருடைய வாழ்க்கையில் அது ஒரே முறை. ஆகவே எண்ணெயை முழுக்கத் திட்டவும் மாட்டேன்.) அந்த எண்ணெயில் இருக்கும் அமிலம் தோலைப் பொசுக்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். மரத்துக்கு நல்லதுதான்: நீரை விலக்கும், பூச்சி அண்டாது. ஆனால் கறுத்துவிடும், காய வாரக்கணக்காகும், ஒட்டிய ஈ எல்லாம் உத்திரத்துக்கு அலங்காரம்.

வேப்பெண்ணெய்: பூச்சிக்குச் சரி. மழைக்கு நிற்காது.

பச்சை ஆளிவிதை எண்ணெய்: நம் ஈரக்காற்றில் அதன்மேலேயே கறுப்புப் பூசணம் பிடிக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. எதுவானாலும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள். இது பாட்டிக் கதை அல்ல, வேதியியல்.

29.08.2022

‘பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பழைய எஞ்சின் ஆயிலை ஏன் சொல்லவில்லை?’ ஏனென்றால் அதைச் சொல்லக் கூடாது என்பதால்.

04.09.2022

21ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். தம்பி படம் அனுப்பியிருக்கிறார். ‘மோசம்’ என்று அவர் சொன்ன ஒன்றைப் பார்த்தேன்: கறுப்பாகக் கண்மை வழிந்ததுபோல இருக்கிறது, நடுவில் ஒரு பழைய இரும்பு ஆணி. நான் கேட்டேன், ஊசி இறங்கியதா? இல்லை, பார்த்துப் பயந்து குத்தவே இல்லையாம்.

தம்பி, அது அழுகல் இல்லை, மை. மரத்தில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் ஊறவைத்து மை செய்தார்களே, அதே வினைதான் உங்கள் உத்திரத்தில் நடக்கிறது. நானும் 2015இல் இதையே அழுகல் என்று நினைத்து, ஐந்தாவது முனையில் நல்ல மரத்தை ஒரு அங்குலம் செதுக்கவைத்தேன். ஆசாரி சொல்லியும் கேட்கவில்லை. ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைத் திருகாணி போடுங்கள். கறை உறுத்தினால் ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் கழுவினால் வெளுக்கும். அது நஞ்சு, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கறையைக் கண்ணால் பார்க்க வேண்டும், அழுகலை ஊசியால் பார்க்க வேண்டும்.

18.09.2022

வெண்காரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே போராக்ஸ்தான், மலிவு. ஒன்றரைப் பங்கு வெண்காரம், ஒரு பங்கு போரிக் அமிலம். பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராமும் 400 கிராமும் போட்டுக் கரைத்தேன். வெட்டுமுகத்தில் தூரிகையால் ஊற ஊற, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி, அப்படி நான்கு தடவை. பூஞ்சைக்கும் கரையானுக்கும் உளுவண்டுக்கும் சேர்த்து மருந்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், மரத்தில் ஈரம் இருந்தால்தான் உப்பு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகரும். நன்றாகக் காய்ந்த மரத்தில் மேலோட்டமாக நின்றுவிடும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே மருந்தும் போகிறது. கெட்ட பக்கம் பார்த்தால் அதே ஈரம், அதே மழைதான் மருந்தைக் கரைத்து வெளியேயும் கொண்டுவந்துவிடும். கூரையில்லாமல் நனையும் முனைக்கு வெண்காரம் மட்டும் பூசுவது ஓட்டைப் பானையில் சர்க்கரை கரைப்பது. முதலில் நனைவதை நிறுத்துங்கள்.

ஏழு முனைகளில் ஆறுக்குப் பூசினேன். ஏழாவதை அப்படியே விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று மருந்தில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா? ‘பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தும் புத்தி போகவில்லை’ என்கிறார் வீட்டுக்காரர்.

25.09.2022

ஈரமானிக் கதை. பூசி ஒரு வாரம் கழித்து முள்ளைக் குத்தினால் ஆறும் 26, 28 என்று காட்டுகின்றன. ஏழாவது மட்டும் 15. ராத்திரி தூக்கம் இல்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கருவி ஈரத்தை நேராக அளப்பதில்லை, இரண்டு முள்ளுக்கு நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று அளக்கிறது. உப்பு ஏறிய மரத்தில் மின்சாரம் எளிதாகப் போகும். நானே உப்பை ஊட்டிவிட்டு, உப்புக் கரிக்கிறது என்று புலம்பியிருக்கிறேன். இதைப் பத்தாம் வகுப்பில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

ஆகவே மருந்து பூசுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். பூசிய பிறகு அந்த எண்ணை நம்பாதீர்கள், போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

02.10.2022

‘அஸ்கு’ பற்றிக் கேட்டவருக்கு. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த உப்பு. 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசம் கண்டுபிடித்தது. உலகம் முழுக்க எத்தனையோ தந்திக் கம்பங்களும் வேலிக் கம்பங்களும் இதில் ஊறி நின்றன. நம் நாட்டுக்காரர் ஒருவர் தந்த கொடை என்று பாடத்தில் பெருமையாகச் சொல்வேன். மரத்தில் பிணைந்துகொள்வதால் மழையில் எளிதில் கரையாது, வெண்காரத்தைவிட அந்த விதத்தில் உயர்ந்ததுதான். ஆனால் பெயரிலேயே ஆர்சனிக் (அதன் குறியீடு As). அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு மரங்களுக்கு இதை நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலையில் அழுத்தக் கலத்தில் ஏற்றுகிற சரக்கு இது, திண்ணையில் உட்கார்ந்து தூரிகையால் பூசுகிறது அல்ல. அப்படி ஊறிய பழைய கம்பத்தை வாங்கி உத்திரமாக்கினால், அறுத்த துண்டை அடுப்பில் வைக்காதீர்கள். சாம்பலில் ஆர்சனிக் அப்படியே இருக்கும்.

13.11.2022

கரண்ட் இரண்டு நாளாக இல்லை, தங்கை வீட்டில் இருந்து எழுதுகிறேன். 11ஆம் தேதி ராத்திரி மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். 122 வருடத்தில் இல்லாத மழை என்கிறார்கள். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. வீட்டுக்குள் வரவில்லை, திண்ணையின் கடைசிப் படி காப்பாற்றியது.

இந்த நேரத்தில் உத்திரத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று திட்டாதீர்கள். பத்து மணிக்கு மழை கொஞ்சம் தணிந்ததும் குடையும் டார்ச்சுமாக மேற்குப் பக்கம் போய் நின்றேன். பதின்மூன்று வருடமாக அந்த முனைகளுக்கு என்னென்னவோ பூசியிருக்கிறேன்; மழையில் அவை எப்படி இருக்கின்றன என்று ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

ஓட்டு விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் முனையின் மேல் நெற்றியில் விழுகிறது. அது எனக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது. வெட்டுமுகத்தில் வழிந்து கீழ் விளிம்புக்கு வந்த சொட்டு தரையில் விழவில்லை. விளிம்பைச் சுற்றித் திரும்பி, உத்திரத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு சொட்டும் எறும்புபோலத் தெரிந்தது: ஒன்றன்பின் ஒன்றாக வரிசை. முக்கால் முழம் நடந்து சுவரில் உத்திரம் நுழையும் இடத்தில் போய் மறைகிறது. எங்கள் முனைகள் சற்றே உள்பக்கம் சரிந்திருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத சரிவு. தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக, இத்தனை நாள் நான் கெட்டுப்போகிறது என்று கவலைப்பட்ட இடம் முனை. தண்ணீர் போய்ச் சேருகிற இடம் சுவர்ப் பொந்து.

20.11.2022

பொந்தைத் திறந்தோம். ஆசாரியும் கொத்தனாரும் வந்தார்கள். 1998இல் வீட்டைப் புதுப்பித்தபோது உத்திரத்தைச் சுற்றி இருந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்டால் இறுக்கிப் பூசிவிட்டார்கள். ‘நல்ல கெட்டியாகப் போடுங்கள்’ என்று சொன்னது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்து, அதில் இறங்கிய தண்ணீர் வெளியே வர முடியாமல் அங்கேயே நின்றிருக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் பொந்துக்குள் கோணூசியைப் பாதிவரை வாங்கிக்கொண்டன. வெளியே தெரியும் முனை இரண்டிலும் நன்றாக இருந்தது!

சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். உத்திரத்துக்கு அடியில் சின்னக் கருங்கல் பலகை, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி, அதற்கு வெளியே சுண்ணாம்பும் மணலும். மரம் செங்கல்லைத் தொடாது, காற்று சுற்றி வரும். நான்காவதில் கெட்டதைச் செதுக்கி எடுத்து, இரண்டு பக்கமும் தேக்குப் பலகை வைத்து மரமுளை அடித்து இறுக்கினார். இரண்டாவதுக்கு முனையையே மாற்றிச் சாய்வெட்டு ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. தூண் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கைவைத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் முட்டுக் கொடுக்காமல் உத்திரத்தைத் தொடாதீர்கள்.

27.11.2022

அந்த ஒரு விரல் இடைவெளியில் அணில் குடியேறிவிட்டது. தேங்காய் நார், என் பழைய சேலைக் கிழிசல், எல்லாம் சேர்த்து மெத்தை. குட்டிகள் போகிறவரை காத்திருந்து பித்தளைக் கம்பிவலை அடைக்க வேண்டும். இடைவெளி விடும்போதே வலையும் போட்டுவிடுங்கள் என்று எந்தப் பொறியாளரும் சொல்லவில்லை.

08.01.2023

அடிவயிற்றில் நடக்கும் சொட்டை நிறுத்த ஆசாரி சொன்ன வழி: வெட்டுமுகத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு காடி. அரை அங்குல அகலம், கால் அங்குல ஆழம். சொட்டு காடியின் விளிம்புக்கு வந்ததும் தாண்ட முடியாமல் கீழே விழுந்துவிடும். ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் கோடு போடுகிறார்களே, அதுதான்.

ஒரு பொறியாளர் கோபமாக எழுதியிருக்கிறார், உத்திரத்தின் அடியில் வெட்டுவது குற்றம் என்று. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் வெட்டினால் குற்றமேதான், அங்கே அடிப்பக்கம்தான் இழுவை தாங்குகிறது. நாங்கள் வெட்டியது சுவருக்கு வெளியே தொங்கும் வாலில், அதன் கடைசி ஓரத்தில். அங்கே பாரம் ஏதும் இல்லை. ஆனாலும் அவர் கேட்டது நியாயம், நான் எங்கே வெட்டினோம் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்ட மனமில்லாதவர்கள் அதே இடத்தில் ஒரு தகரக் கீற்றைக் குறுக்கே அடித்தாலும் சொட்டு நிற்கும்.

காடியின் வாயிலும் வெண்காரம் பூசினோம். ஏழாவதுக்குக் காடி உண்டு, மருந்து இல்லை.

19.03.2023

தொப்பி. நெற்றியில் விழும் தண்ணீருக்கு மெல்லிய செப்புத் தகட்டை மடித்து ஒவ்வொரு முனைக்கும் ஒரு தொப்பி. முதலில் மரத்தோடு ஒட்ட வைத்து இரும்பு ஆணி அடித்தேன். இரண்டு தப்பு. செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் தின்னப்படும். மூன்று மாதத்தில் ஆணித்தலை போய்விட்டது. ஒட்ட வைத்ததில் அடியில் வியர்த்து, தகட்டைத் தூக்கினால் மரம் ஈரம். இப்போது பித்தளைத் திருகாணி, நடுவில் சின்ன மரத்துண்டு வைத்து அரை அங்குலம் தூக்கல்.

26.03.2023

மூன்று தொப்பிகளைக் காணோம். பழைய இரும்புக்காரர் செம்புக்கு நல்ல விலை கொடுக்கிறார் போலிருக்கிறது. மீதி நான்கு, ஒரு காதில் மட்டும் கம்மல் போட்டதுபோலத் தொங்குகின்றன. அலுமினியத் தகடு வாங்கிவந்தேன். அழகில்லை, யாரும் திருடவும் மாட்டார்கள்.

11.06.2023

மேலே எழுதிய பாதியை இன்றைக்கு மாற்றி எழுத வேண்டும்.

மாமியாரின் பெட்டியில் 1961இல் எங்கள் நாத்தனார் கல்யாணத்தன்று எடுத்த படம் கிடைத்தது. மேற்குப் பக்கத்துச் சுவர் முன் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நான் நகைகளைப் பார்க்கத்தான் எடுத்தேன். பின்னால் உத்திர முனைகளைத் தேடினால் காணவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருக்கின்றன, ஏழும் இருக்கின்றன, இருட்டில். அவற்றைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு இறவாரம் (கூரையின் நீட்டிய விளிம்பு) வெளியே வந்து நிழல் விழுந்திருக்கிறது. வெயில் விழும் கோடு பெண்களின் கால் விரலில் இருக்கிறது.

இப்போது எங்கள் ஓட்டு விளிம்பு உத்திர முனைக்குச் சரியாக மேலே முடிகிறது. 1998இல் கார் வந்து நிற்க இடிக்கிறது என்று கைமரங்களை (ஓட்டைத் தாங்கும் சட்டங்களை) வெட்டிக் குறைத்தோம். அப்போது யாருக்கும் உத்திரம் ஞாபகம் வரவில்லை. அது வெளியே தெரிய ஆரம்பித்ததும் ‘அடடா, என்ன அழகான வேலைப்பாடு’ என்று வார்னிஷ் அடிக்கக் கிளம்பிவிட்டேன். கட்டினவர்கள் அந்த முனைகளுக்கு ஒன்றும் பூசவில்லை. மழை படாத இடத்தில் வைத்திருந்தார்கள்.

வார்னிஷ், எண்ணெய், வெண்காரம், காடி, தொப்பி: எல்லாம் அந்த ஒரு சாணுக்கு நான் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி.

கும்பகோணத்துத் தம்பி, பாட்டி வீட்டுப் பழைய படம் ஏதாவது இருந்தால் தேடுங்கள். இல்லாவிட்டால் மேற்குச் சுவர் ஓரத்துத் தரையைப் பாருங்கள். ஓட்டுத் தண்ணீர் விழுந்து விழுந்து பழைய கல்லில் குழி விழுந்திருக்கும். அந்தக் குழி முனைக்கு வெளியே இருந்தால் உங்கள் இறவாரமும் பிறகு வெட்டப்பட்டதுதான்.

02.07.2023

தம்பி எழுதியிருக்கிறார். குழி இருக்கிறதாம், முனையிலிருந்து எட்டு விரல் தள்ளி.

20.08.2023

கைமரங்களுக்கு ஒட்டுப் போட்டு ஒரு வரிசை ஓடு கூடுதலாக இறக்கினோம். கார் தெருவில் நிற்கிறது, வீட்டுக்காரர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கீழ் வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டியிருக்கிறோம். கடற்கரை ஊரில் நீண்ட இறவாரத்தைப் புயல் தூக்கும், 2018இல் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். தொப்பிகளை எடுத்துவிட்டேன். காடி இருக்கட்டும்.

பூச்சு என்று இப்போது நான் போட்டிருப்பது வெட்டுமுகத்தில் மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி, அதுவும் வருடம் ஒரு தடவை. பக்கங்களுக்கு ஒன்றும் இல்லை. மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. வெயில் மேல்தோலைத் தின்னுவதால் வரும் நிறம் அது, அழுகல் அல்ல. கேட்பவர்களிடம் ‘நரைத்திருக்கிறது’ என்று சொல்கிறேன்.

26.11.2023

‘இத்தனைக்குப் பிறகு 2009 வார்னிஷ் என்ன ஆயிற்று’ என்று ஒருவர் கிண்டலாகக் கேட்கிறார். மற்ற ஆறிலும் சுரண்டி எடுத்தாயிற்று. 2014இல் வெட்டிய மூன்றாவது முனை மட்டும் புத்தக அலமாரியில் இருக்கிறது, வார்னிஷோடு. தூக்கினால் தெர்மகோல்போல எடையே இல்லை. போன வாரம் பேத்தி அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

மழை விட்டு நான்கு நாளாகிறது. இன்று காலை ஏழாவதைக் குத்திப் பார்த்தேன்: சுவர்ப் பொந்தில் 19, வெட்டுமுகத்தில் 17. அந்தப் பொந்து 19 எனக்குப் பிடிக்கவில்லை. வலைக்குப் பின்னால் அணில் மறுபடி ஏதாவது அடைத்திருக்கிறதா என்று சனிக்கிழமை ஆசாரி வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.